பழம்பொருள் கொண்டு கோழிக்கூடு அமைத்தல்

குமரி மாவட்டத்துச் சிற்றூர்களில் ஐந்தோ பத்தோ நாட்டுக் கோழிகளை வைத்துப் பேணிவரும் குடும்பங்கள் இன்றும் பல உள. பகற்பொழுதில் அக்கோழிகளுக்குக் குறை ஒன்றும் இல்லை. முற்றமும் தென்னந்தோப்பும் வாழைத்தோட்டமும் அவற்றிற்கு மேய்ச்சல் நிலமாக அமைகின்றன. சிந்திய நெல்லும் புழுவும் கறையானும் இரையாகின்றன. அவற்றின் துன்பம் அந்தி மயங்கிய பின்னரே தொடங்குகின்றது. சில வீடுகளில் பஞ்சாரத்தின்கீழ் கவிழ்த்து வைக்கின்றனர். சில வீடுகளில் அடுக்களைத் திண்ணையில் ஒடுங்குகின்றன. மற்றும் பல வீடுகளில் முருங்கை மரமே அவற்றின் படுக்கையாகும். கீரியோ மரநாயோ தெருநாயோ ஓர் இரவு வந்து போனால், ஈராண்டு பேணிய கோழிகள் விடிவதற்குள் இறகுக் குவியலாகிவிடும்.

வெள்ளத்தில் நெல் அழிந்தால் அதிகாரிகள் வந்து கணக்கெடுக்கின்றனர். மாடு இறந்தால் காப்பீடு பற்றிக் கேட்கின்றனர். ஆறு கோழிகள் ஓர் இரவில் அழிந்த செய்தி எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. அக்கோழிகளோ பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் உடைமை. பிள்ளையின் நோட்டுப் புத்தகத்திற்கும் பேருந்துக் கட்டணத்திற்கும் எவரிடமும் கை நீட்டாமல் எடுத்துச் செலவிடக்கூடிய பணம் முட்டை விற்ற பணமேயாகும். ஆகவே, நல்ல கூடு ஒன்று அமைப்பது சிறிய காரியமாகத் தோன்றினாலும், அதனைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் தம் கவனத்திற்கு உரியதாகக் கொள்ள வேண்டுமென்பது நம் கருத்து.

கூடு என்றவுடன் செங்கல்லும் சிமெண்டும் இரும்புத் தகடும் நம்மவர் நினைவிற்கு வருகின்றன. இங்கே சற்றுக் கணக்குப் பார்த்தல் நலம். நாட்டுப் பெட்டைக் கோழி ஒன்று ஆண்டிற்கு ஏறத்தாழ 60 முட்டைகள் இடுமெனக் கொள்வோம். பத்துக் கோழிகளுக்கு 600 முட்டைகள். அடை வைப்பதற்கும் வீட்டுச் செலவிற்கும் பாதி போக, 300 முட்டைகள் விற்பனைக்கு எஞ்சும். முட்டை ஒன்று பத்து ரூபாய்க்கு விலைபோவதாக வைத்துக்கொண்டாலும் ஆண்டு வரவு 3,000 ரூபாயே. வளர்த்து விற்கும் சேவல்களால் இன்னும் ஓரளவு கிடைக்கலாம். இந்த வரவை நம்பி முப்பதாயிரம் ரூபாய் கடன் வாங்கிக் கொட்டகை எழுப்பினால், முட்டைப் பணம் முழுவதையும் கட்டினாலும் முதல் தீரவே பத்தாண்டுகள் ஆகும். வட்டியைச் சொல்லவே வேண்டா. நாமக்கல் வட்டாரத்துப் பெரும் பண்ணைகளுக்குப் பொருந்துகின்ற கட்டடம் வேறு. பத்துக் கோழி வைத்திருப்பவர்க்குப் பொருந்துகின்ற கூடு வேறு.

இவ்வுண்மையை நம் மாவட்டத்திலேயே ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்னர்ச் செய்து காட்டியவர்கள் உண்டு. திருவிதாங்கூர் அரசின் ஆளுகைக்குள் மார்த்தாண்டம் இருந்த 1920-களில், ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் சார்பில் அங்கே கிராமப் புனரமைப்பு நிலையம் ஒன்று நடைபெற்று வந்தது. அதனை நடத்தியவர் ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர். தேனீ வளர்ப்பிற்கு மார்த்தாண்டம் பெயர் பெற்ற வரலாற்றில் அந்நிலையத்திற்கு இடமுண்டென்பதைப் பலர் அறிவர். கோழி வளர்ப்பிலும் அது முனைந்து பணியாற்றியதைச் சிலரே நினைவில் வைத்துள்ளனர். வெள்ளை லெகார்ன் இனக் கோழிகளைச் சிற்றூர்களில் பரப்பியதோடு, முட்டைகளைச் சோதித்துத் தரம் பிரித்துக் கூட்டாக விற்பதற்கும் அங்கே ஏற்பாடு செய்யப்பட்டது. 1932-இல் வெளிவந்த நூல் ஒன்றில் ஹாட்ச் தம் அனுபவங்களை எழுதியுள்ளார். அந்நிலையத்தின் கொள்கைகளுள் நாம் இங்கே எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. செய்து காட்டும் எந்தப் பொருளும் ஊரிலுள்ள ஏழைக் குடியானவனும் தன் கையால் செய்துகொள்ளத் தக்கதாய் இருத்தல் வேண்டும் என்பதே அது. அறிவுரை நிபுணருடையதாகலாம், உழைப்பும் பொருளும் ஊராருடையனவாக இருக்க வேண்டும்.

அந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால், கூட்டிற்கு வேண்டிய பொருள்களுள் பெரும்பகுதி நம் ஊர்களிலேயே வீணாய்க் கிடப்பது விளங்கும். ஓட்டு வீடுகளைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் வீடு கட்டுவது எங்கும் நடைபெறுகின்றது. பிரித்த ஓடுகளும் பனங்கைகளும் சன்னற் கதவுகளும் வேலியோரத்தில் அடுக்கப்பட்டு மழையில் நனைகின்றன. பழைய வேலிகளில் நின்ற கற்றூண்கள் உடைந்து கிடக்கின்றன. குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களில், கடலுக்கு உதவாத வலைகள் குவிந்துள்ளன. நெல் அரைக்கும் ஆலைகளில் உமி உண்டு. 2017 நவம்பர் 30-ஆம் நாள் ஓக்கிப் புயல் வீசியபோது இம்மாவட்டத்தில் சாய்ந்த தென்னையும் ரப்பரும் எத்தனை என்பதை நேரிற் கண்டவர்கள், மரத்திற்குப் பஞ்சம் என்று சொல்ல மாட்டார்கள்.

இனி, கூடு அமைக்கும் முறையைக் கூறுவோம். இருபது கோழிகள் இரவு தங்குவதற்கு 6 அடி நீளமும் 5 அடி அகலமும் உள்ள கூடு போதுமானது. பகலில் வெளியே மேயும் கோழிக்குத் தலைக்கு ஒன்றரைச் சதுர அடி இடம் இருந்தால் நெருக்கடி தோன்றாது. நாள் முழுவதும் அடைத்து வளர்ப்பதாயின் இவ்வளவு போதாது.

மேட்டு நிலமே கூட்டிற்கு உரிய இடம். நீளப்பக்கம் கிழக்கு மேற்காக அமையுமாறு வைத்தால், காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கங்களில் மட்டுமே விழும். இது பொதுவிதி. நம் மாவட்டத்திலோ காற்றையும் மழையையும் சேர்த்தே எண்ண வேண்டியுள்ளது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே இங்குப் பெய்கின்றன. தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கங்களில் ஆடிமாதக் காற்று மேற்கிலிருந்து கணவாய் வழியே எத்துணை வேகமாய் வருமென்பதை அங்கே நிற்கும் காற்றாலைகளே சொல்லும். அவ்வூர்களில் மேற்குப் பக்கச் சுவரை முழுவதும் அடைத்துவிட வேண்டும். கல்குளம், விளவங்கோடு பக்கங்களில் சாரல் தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் அடிக்குமாதலால், அவ்விரு பக்கங்களிலும் கூரையின் இறவாரத்தை இரண்டடி நீட்டிவிடுதல் நன்று.

தளத்தை நிலத்திலிருந்து இரண்டடி உயர்த்தி அமைப்பதே நம் பரிந்துரை. ஈரம் ஏறாது. கீரி மண்ணைப் பறித்து உள்ளே நுழைய இயலாது. பெருமழையில் முற்றத்தில் நீர் நின்றாலும் கோழி நனையாது. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தென்மாவட்டங்களில் பெய்த மழையை நினைத்துப் பார்த்தால் இதன் தேவை விளங்கும். உடைந்த கற்றூண்களை ஒரே உயரமாக நிறுத்தினால் அவையே கால்களாகும். கல் கிடைக்காதவர்கள் தென்னந்தடியைப் பிளந்து நடலாம். ஆனால் மண்ணுக்குள் புதையும் பகுதியைத் தீயில் மேற்புறம் கருகும்வரை வாட்டி நடுக. அவ்வாறு செய்தாலும் அது கல்லுக்கு ஈடாகாது. ரப்பர் மரத்தைக் காலாக நடவே வேண்டா. அது மலிவாய்க் கிடைக்கின்றது என்பது உண்மையே. பதப்படுத்தாத ரப்பர் மரத்தை வண்டும் பூஞ்சையும் விரைவில் அரித்துவிடும் என்பதும் உண்மை.

தளத்திற்குக் கமுகு மரத்தைப் பிளந்து, சீவிய சட்டங்களை ஓர் அங்குல இடைவெளி விட்டு அடிக்கலாம். எச்சம் கீழே விழுந்துவிடும், கூடு காய்ந்திருக்கும். கீழே விழும் எச்சத்தின்மேல் வாரம் ஒருமுறை உமியைத் தூவி வந்தால் நாற்றம் அடங்கும். பின்னர் அது மட்கி வாழைக்கு நல்ல எருவாகின்றது. குஞ்சுகள் உள்ள காலத்தில் அவற்றின் கால்கள் இடுக்கில் சிக்காதவாறு, சட்டங்களின்மேல் சாக்கை விரித்து அதன்மேல் உமியைப் பரப்ப வேண்டும். சாக்கு நனைந்தால் அன்றே மாற்றுக.

கூரைக்குப் பழைய ஓடு சிறந்தது. வெப்பம் தாங்கும், ஒன்று உடைந்தால் ஒன்றை மாற்றிக்கொள்ளலாம். ஆயினும் ஓட்டின் பாரத்தைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நாம் சொல்லும் அளவுள்ள கூட்டிற்கு, இறவாரத்தையும் சேர்த்து, ஏறத்தாழ நூறு ஓடுகள் வேண்டும். ஓடு ஒன்றின் எடை இரண்டு கிலோவுக்கு மேல். மழையில் நனைந்தால் இன்னும் கூடும். எனவே 200 கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தைத் தாங்கும் சட்டம் தேவை. உளுத்துப்போன பனங்கையை வெளிப்பார்வைக்கு நன்றாயிருக்கிறதென்று எடுத்துவிடக் கூடாது. சுத்தியலால் தட்டினால் பொத்தென்ற ஒலி எழும் மரத்தை விறகிற்கு அனுப்பிவிடுக. வைரம் பாய்ந்த பனங்கையோ பல தலைமுறைகளைக் கடந்தும் நிற்கும். ஓடு கிடைக்காத இடத்தில் தென்னங்கீற்று வேயலாம். ஆண்டுக்கொருமுறை மாற்றும் வேலை உண்டு. இரும்புத் தகடு போடுவோர் அதன்மேல் கீற்றைப் பரப்பி வெப்பத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். தகடோ கீற்றோ எதுவாயினும் கம்பியால் சட்டத்தோடு இறுகக் கட்டுவது இன்றியமையாதது. ஓக்கிக்குப் பின்னும் இதை நாம் வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருப்பது வருத்தத்திற்குரியது.

இங்கே ஒரு பேச்சு. நாஞ்சில் நாட்டு வீடுகளில் பழைய பத்தாயங்கள் சில இன்னும் இருக்கின்றன. நெல் நிரப்பும் வழக்கம் போய்விட்டதால் அதனைக் கோழிக்கூடாக்கலாமா எனச் சிலர் எண்ணக்கூடும். அயனியிலோ பலாவிலோ செய்த பத்தாயமாயின் அதனை உடைக்க வேண்டா. அதன் பலகைக்குக் கிடைக்கும் விலையில் பத்துக் கோழிக்கூடுகள் அமைக்கலாம். கரையான் தின்று மிஞ்சிய பத்தாயமாயின் தடையில்லை.

சுவரின் கீழ்ப்பகுதியை இரண்டடி உயரத்திற்குப் பலகையாலோ மூங்கில் வரிச்சினாலோ அடைத்து, மேற்பகுதியைக் காற்றோட்டத்திற்குத் திறந்துவிட்டு வலை கட்ட வேண்டும். நாம் முதன்முதலில் அமைத்த கூட்டில் திருடனுக்கும் கீரிக்கும் அஞ்சி நான்கு பக்கங்களையும் பெட்டி போல் அடைத்துவிட்டோம். மரவேலை மிக நேர்த்தியாகவே இருந்தது. ஒரு திங்களுக்குள் கோழிகள் மூக்கில் நீர் வடிந்து தும்மத் தொடங்கின. காலையில் கதவைத் திறந்தால் நம் கண்ணே எரிந்தது. எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா வளி வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கியதே காரணம். மேற்பலகைகளைப் பிடுங்கி எறிந்த பின்னரே அவை தேறின, இரண்டு தேறவில்லை. கதவைத் திறந்து தலையை உள்ளே நீட்டுங்கள். உங்கள் கண் கரித்தால் அக்கூடு கோழிக்கு ஆகாது. இதற்கு வேறு கருவி தேவையில்லை.

வலையைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். கடைகளில் விற்கும் இரும்பு வலை கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றால் விரைவில் துருப்பிடிக்கின்றது. மீன்வலை துருப்பிடிக்காது, விலையுமில்லை. ஆனால் எல்லா மீன்வலையும் உதவாது. நரம்பு போன்ற மெல்லிய இழையாலான வலையைக் கட்டினால் கோழியின் கால் அதில் சிக்கி முறியும்; இரவில் வரும் பாம்பும் சிக்கிக்கொண்டு கிடக்கும். முறுக்கு நூலால் முடிச்சிட்டுப் பின்னிய கனத்த வலையைத் தேர்ந்தெடுத்து இரட்டையாக மடித்து இழுத்துக் கட்டுக. எலியும் கீரியும் நைலான் நூலைக் கடித்துவிடக் கூடுமாதலால், அவற்றிற்கு எட்டும் கீழ்ப்பகுதியில் வலையை நம்பக் கூடாது. அங்கே பலகையே வேண்டும். கதவிற்குப் பழைய சன்னற் கதவு பொருந்தும். கொக்கியை மட்டும் புதிதாக வாங்கிப் போடுங்கள்.

கூட்டின் உள்ளே, கோழி அமர்ந்து உறங்கும் குறுக்குச் சட்டங்கள் வேண்டும். கோழிக்கு ஏழு அங்குலம் என்னும் கணக்கில் இருபது கோழிகளுக்குப் பன்னிரண்டு அடி. ஆகவே ஆறடிச் சட்டம் இரண்டு. சட்டத்தின் கனம் இரண்டு அங்குலம் இருக்கலாம். கூர்முனைகளை இழைத்து உருட்டிவிட வேண்டும். இரண்டையும் ஒரே உயரத்தில், ஒன்றேகால் அடி இடைவிட்டு வைக்கவேண்டும். ஒன்றை உயர்த்தி வைத்தால் எல்லாக் கோழிகளும் அதற்கே போட்டியிடும். இச்சட்டங்களை ஆணியால் அடித்துவிடாமல், கழற்றி எடுக்கும் வகையில் பள்ளத்தில் பொருத்துக. பழைய மரத்தில் வெடிப்புகளும் ஆணித் துளைகளும் உண்டு. செள்ளும் உண்ணியும் பகலில் அவற்றுள் ஒளிந்திருந்து இரவில் கோழியின் இரத்தத்தை உறிஞ்சும். பழம்பொருளால் கூடு அமைப்பதில் உள்ள பெருங்குறை இதுவே என்பதை நாம் மறைக்க விரும்பவில்லை. பரிகாரம் எளிது. வெடிப்புகளைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்து, உட்புறம் முழுவதும் சுண்ணாம்பு அடித்து, திங்களுக்கொருமுறை சட்டங்களைக் கழற்றிச் சுரண்டிக் கடும் வெயிலில் போட வேண்டும்.

முட்டையிட, ஓரடி நீள அகலமுள்ள பெட்டி ஐந்து கோழிகளுக்கு ஒன்று வீதம் போதும். பழைய கடவமோ ஓரம் உடைந்த மண்பானையோ இதற்கு உதவும். வைக்கோலைப் பரப்பி இருட்டான மூலையில் வைத்தால் கோழி தானே தேடிச் செல்லும். நீருக்கு மண்கலயத்தைத் தட்டில் கவிழ்க்கலாம். குஞ்சுகளின் தீனிக்குச் சிரட்டை போதும். இவற்றிற்கெல்லாம் கடைக்குச் செல்ல வேண்டியதில்லை.

பழம்பொருள் மலிவு என்பதனால் எதையும் கூட்டில் சேர்த்துவிடக் கூடாது. பூச்சிமருந்து இருந்த டப்பாவை எத்தனை முறை கழுவினாலும் தண்ணீர்த் தொட்டியாக்கலாகாது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடுகள் பல வீட்டுப் பின்புறங்களில் சாய்த்து வைக்கப்பட்டுள்ளன. அவற்றை அறுத்தாலும் உடைத்தாலும் துளையிட்டாலும் கண்ணுக்குப் புலப்படாத இழைகள் காற்றில் பரவி நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயை உண்டாக்கும். கோழிக்கு வரும் கேட்டைவிட அதனை அறுப்பவருக்கு வரும் கேடு பெரிது. அத்தகட்டைத் தொடாமல் விட்டுவிடுவதே நன்று. பழைய கதவுகளில் உரிந்து தொங்கும் வண்ணப் பூச்சில் ஈயம் கலந்திருக்கக் கூடும். கோழி அதைக் கொத்தித் தின்னும். நஞ்சு முட்டையிலும் இறங்கும். அத்தகைய மரத்தை வெளிப்புறத்திற்கும் பயன்படுத்த வேண்டா. பிற கோழிப் பண்ணைகளில் கழித்த கூண்டும் வலையும் இலவசமாய்க் கிடைத்தாலும், நன்கு கழுவி, பல நாள்கள் வெயிலிலிட்டு, சுண்ணாம்பு பூசிய பின்னரே வீட்டிற்குள் கொண்டுவருக. நோய் அவற்றோடு வந்துவிடும்.

கூடு எத்துணை நன்றாயினும் கழிச்சல் நோயைத் தடுக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். இராணிக்கேட் என்று அழைக்கப்படும் இந்நோய், குமாவோன் மலைப்பகுதியிலுள்ள இராணிக்கேட் என்னும் ஊரில் 1920-களின் பிற்பகுதியில் கண்டறியப்பட்டதால் அப்பெயர் பெற்றது. வந்தபின் மருந்து இல்லை. குஞ்சு பொரித்த ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டும், எட்டாம் வாரத்தில் இறக்கையில் ஊசியும் போட வேண்டும். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். கூடு இருப்பதால் விளையும் பெரிய நன்மை ஒன்று இங்கே உண்டு. மரத்தில் தங்கும் கோழியைப் பிடித்து ஊசி போடுவது யாராலும் ஆகாது. கூட்டில் தங்கும் கோழிகளை விடியற்காலையில் கதவைத் திறக்குமுன் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து முடித்துவிடலாம்.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்குத் தனியே ஒரு சொல். கோழிக்குஞ்சுகள் வழங்கும் திட்டங்கள் அவ்வப்போது வருகின்றன. குஞ்சு பெறுவோர் பட்டியலைத் தயாரிக்கும்போதே, அவர்கள் வீட்டில் இரவு தங்கும் இடம் உண்டா என்று பார்த்துவிடுங்கள். கூடில்லாத வீட்டிற்கு இருபத்தைந்து குஞ்சு கொடுப்பது கீரிக்குக் கொடுப்பதேயாகும். பயனாளி குஞ்சு வாங்கும் நாளுக்கு ஒரு திங்களுக்கு முன் கூட்டை அமைத்திருக்க வேண்டும் என்னும் ஒழுங்கை ஊரளவில் ஏற்படுத்திக்கொள்ளலாம். பள்ளிக்கூடமோ வேறு பொதுக் கட்டடமோ பிரிக்கப்பட்டால் அதன் ஓடும் மரமும் முறைப்படி ஏலத்திற்கு வரும். ஐந்தாறு குடும்பங்கள் அல்லது மகளிர் குழுவினர் கூடி ஏலம் கேட்டால், தனித்தனியே வாங்குவதைவிடக் குறைந்த விலைக்குப் பெற வாய்ப்புண்டு. இரண்டு கூடு அமைத்த தச்சர் மூன்றாவதை அரை நாளில் முடிப்பார். அவருடைய கூலியில் கஞ்சத்தனம் காட்ட வேண்டா. பொருள் பழையதாயினும் வேலை புதியதே. அண்டை வீட்டுச் சன்னலுக்கு நேரே கூட்டை வைத்துவிட்டுப் பின்னர்ப் பஞ்சாயத்தில் வழக்காடுவதையும் உறுப்பினர்கள் முன்கூட்டியே தடுக்கலாம்.

வேலையைத் தொடங்க மாசி, பங்குனித் திங்கள்கள் ஏற்றவை. மரம் காய்ந்திருக்கும், சுண்ணாம்பு நன்கு பிடிக்கும், இடவப்பாதி மழைக்கு முன் கூரையைச் சோதித்துக்கொள்ளலாம். கூடு முடிந்த அன்றே கோழிகள் அதில் வந்து ஏறிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டா. பழகிய முருங்கை மரத்தையே அவை நாடும். முதல் நாள் இரவில் அவற்றைப் பிடித்து உள்ளே விட்டு, மூன்று நான்கு நாள்கள் தீனியும் நீரும் உள்ளேயே வைத்து அடைத்து வையுங்கள். ஐந்தாம் நாள் மாலையில், பொழுது சாய இரண்டு மணி நேரம் இருக்கையில் திறந்துவிட்டால் சற்று மேய்ந்துவிட்டு அவையே திரும்பி வரும். ஒன்றிரண்டு கிழக்கோழிகள் மட்டும் மரத்திற்கே போகும். அவற்றை மேலும் இரண்டு நாள் பிடித்துப் போட வேண்டியிருக்கும்.